ஒரு காஜாவுக்கு ஒரு காய்

சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பெயர். தைத்தவர் பெயர் காலரில் இருக்கும், துணி விற்றவர் பெயர் பையில் இருக்கும். காஜா போட்டவர் பெயர் எங்கேயும் இருக்காது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே சட்டை போடுகிற பாதிப் பேருக்குத் தெரியாது. ஓட்டை தானாக வந்தது என்று நினைத்துக்கொண்டு காலையில் அவசர அவசரமாகப் பட்டனை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இந்தக் காஜாக்காரர் இருபத்தெட்டு வருஷமாக ஓட்டை போடுகிறார். தையல்காரர்கள் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. கடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், சட்டைக் கட்டுகளை அடுக்க ஒரு பலகை, அவ்வளவு. எழுந்து நிமிர்ந்தால் தலை படியில் இடிக்கும். அதனால் நிமிராமலேயே எழுந்து பழகிவிட்டார். பக்கத்து அறையில் அவர் மனைவி பட்டன் தைக்கிறார். இவர் போட்ட ஓட்டைக்கு நேர் எதிரே அந்த அம்மாவின் பட்டன் வந்து உட்கார வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் சட்டை கோணிக்கொள்ளும். இருவரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை, ஆனால் சட்டை கோணியதில்லை.

காஜா போடுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. சட்டையை எடுத்து, சாக்பீஸ் புள்ளியை ஊசிக்கு நேரே வைத்து, மோட்டாரை ஓட்டுகிற மிதியை மிதிக்க வேண்டும். ஊசி ஒரு பக்கமாகத் தைத்துக்கொண்டு போய், மறுபக்கமாகத் திரும்பி வரும். கடைசியில் சின்னக் கத்தி ஒன்று நடுவில் விழும். டக். ஒரு காஜா முடிந்தது. எடுத்ததிலிருந்து கத்தி விழுகிற வரை பதினொரு விநாடி. இதை அவரோ அவர் மனைவியோ ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு கம்பெனி அளந்து பார்த்துச் சொல்லித்தான் அவர்களுக்கே தெரிந்தது.

அவருக்குச் செஸ் எப்படி வந்தது என்றால், வாலிபத்தில் மாடியிலிருந்த தையல்கடையில் சட்டைக் கட்டுக்காகக் காத்திருந்த நேரங்களில் வந்தது. துணி வெட்டுகிறவர்கள் அட்டையில் கட்டம் போட்டு, பட்டன்களைக் காயாக வைத்து ஆடுவார்கள். நாலு துளைப் பட்டன் சிப்பாய், கோட்டுப் பட்டன் ராஜா. நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். அப்புறம் கல்யாணம், குடும்பம், மெஷின் என்று ஆனபிறகு பல வருஷம் அதை நினைக்கவே இல்லை. மறுபடியும் அதை அவர் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து விட்டவர் அவருடைய சம்பந்தி.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் தலைவரான இந்தச் சம்பந்தி கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரீட்சை நாட்களில் திடீரென்று அறைக்குள் புகுந்து பிட் பிடிக்கிற பறக்கும் படையில் இருந்தவர். செருப்பின் அடித்தோலுக்குள் பிட், கொண்டைக்குள் பிட், ரப்பரைக் குடைந்து அதற்குள் பிட் என்று அவர் பிடித்த கதைகளை வீட்டிலிருக்கும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒருமுறை கையில் கட்டுப் போட்டிருந்த பையனின் கட்டைப் பிரித்துப் பார்த்து, எலும்பு நிஜமாகவே முறிந்திருந்ததால் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கதையை மட்டும் அவர் சொல்லமாட்டார், அவர் மனைவி சொல்வார்.

ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகவில்லை. போனில் செஸ் ஆடலாம் என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இருக்கிறவர்களிடம் தோற்றார். தெரியாதவனிடம் தோற்பதைவிடத் தெரிந்தவரை ஜெயிப்பது மேல் என்று பட்டிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜாக்காரரின் போனை வாங்கி, அவரே அதில் செஸ்ஸை இறக்கி, கணக்கும் தொடங்கிக் கொடுத்தார். தனக்கு ஏற்கெனவே "ராஜதந்திரி" என்று பெயர் வைத்திருந்தார். இவருக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதற்கு, சட்டையின் முன்பக்கத்தை நினைத்துக்கொண்டு "ஏழுபட்டன்" என்றார் காஜாக்காரர். ஓட்டை போடுகிற மனிதர், அல்வா சாப்பிடுவது போல ஜெயித்துவிடலாம் என்று சம்பந்தி மனக்கோட்டை கட்டினார்.

முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினார். இரண்டாவதிலும் கவ்வினார். இப்படியே இரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பதினாலு ஆட்டம் நடந்து, அதில் மூன்றே மூன்றில்தான் சம்பந்தி ஜெயித்திருந்தார்.

காஜாக்காரர் ஆடுகிற விதம் தனி. பழைய ஹேங்கர் கம்பியை வளைத்து மெஷினின் கழுத்தில் மாட்டி, அதில் போனைச் செருகி வைத்திருந்தார். எதிராளி யோசிக்கிற நேரத்தில் நூல் பிசிறு வெட்டுவார், சாக்பீஸ் புள்ளி வைப்பார். எதிராளி காய் நகர்த்தியதும் இவர் ஒரு காஜா போடுவார். ஊசி போய்த் திரும்பி வருவதற்குள் யோசனை முடிந்திருக்கும். கத்தி விழும், விரல் திரையில் விழும். சும்மா கிடக்கிற ராணியை வெட்டுவதானாலும் ஒரு காஜா. ராஜாவுக்கு நகர ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம் என்றாலும் ஒரு காஜா. தலைபோகிற சிக்கலான இடமானாலும் அதே ஒரு காஜாதான். ஒரு காஜாவில் தோன்றாதது ஒன்பது காஜாவிலும் தோன்றாது என்பது அவர் அனுபவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பள்ளிக்கூடச் சீருடைக் கட்டு பாதி முடிந்திருந்தபோது, போனில் அந்தக் கடிதம் வந்தது. கம்பெனி எந்த நாட்டிலிருந்தோ எழுதியது, தமிழில்தான் இருந்தது, ஆனால் தமிழ் பேசுகிற யாரும் எழுதிய தமிழ் இல்லை. "அன்புள்ள ஏழுபட்டன், நீங்கள் ஒரு மனிதராக ஆடவில்லை என்று எங்கள் நியாய ஆட்டக் குழு தீர்மானித்துள்ளது. உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது."

காஜாக்காரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்து அறையைப் பார்த்து, தன் கணக்கை மூடிவிட்டார்கள் என்றார். மனைவி பதறிக்கொண்டு ஓடிவந்து எந்த பேங்க் என்று கேட்டார். செஸ் என்றதும் போன உயிர் திரும்பி வந்து, மறுபடி பட்டன் தைக்கப் போய்விட்டார். போகும்போது, நீங்கள் மனிதராக நடந்துகொள்வதில்லை என்று நான் சொன்னால் மட்டும் கோபம் வருகிறதே என்று ஒரு குத்தும் குத்திவிட்டுப் போனார்.

காஜாக்காரருக்குக் கணக்கு போனதில் பெரிய வருத்தமில்லை. விளையாட்டுதானே, போனால் போகிறது என்று விட்டிருப்பார். ஆனால் அந்தக் கம்பெனி நியாயவான் கம்பெனி. ஏமாற்றுக்காரனைப் பிடித்தால் அவனிடம் தோற்றவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லாமல் விடாது. அதே செவ்வாய்க்கிழமை சம்பந்தியின் போனுக்கும் ஒரு கடிதம் போனது. "வணக்கம் ராஜதந்திரி. உங்களோடு ஆடிய ஏழுபட்டன் நியாயமற்ற முறையில் ஆடியதைக் கண்டுபிடித்துள்ளோம். உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு வருந்துகிறோம். நீங்கள் இழந்த புள்ளிகள் திருப்பித் தரப்பட்டுள்ளன."

சம்பந்திக்கு வாயெல்லாம் பல். இரண்டு வருஷமாக மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த மனிதர். தனக்கு மூளை மழுங்கிவிட்டதோ என்று டாக்டரிடம்கூடப் போய்க் கேட்டிருக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது: மூளையில் ஒன்றுமில்லை, சம்பந்தியில்தான் கோளாறு. கடிதத்தை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, காலை நடைக்குப் போகிற பூங்காவில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். முப்பது வருஷம் பிட் பிடித்த கண்ணிலேயே ஒருவர் மண்ணைத் தூவியிருக்கிறார் என்று சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவள் மகள். கல்யாணமாகி நாலு வருஷம், அந்த வீட்டில் நல்ல பெயர் எடுத்திருந்தாள். இப்போது தினமும் சாப்பாட்டு மேஜையில் அவளுடைய அப்பாதான் பேச்சு. முதலில் "உங்கப்பா" என்றார்கள், நாலாம் நாள் "அந்த மனுஷன்" ஆகிவிட்டது. அவள் புருஷன் நல்லவர்தான், ஆனால் சண்டை வருகிற வாசனை தெரிந்தால் குளிக்கப் போய்விடுவார். அந்த வாரம் ஒருநாளைக்கு மூன்று தரம் குளித்தார்.

காஜாக்காரருக்கு இது தெரியவந்தபோது தலையில் இடி விழுந்தது போல ஆகிவிட்டது. தன்னை யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வார். மகளை ஒருவரும் ஏமாற்றுக்காரன் பெண் என்று பார்க்கக்கூடாது. அதைவிட முக்கியமாக, மகள் தன்னை அப்படிப் பார்க்கக்கூடாது. அதற்காகத்தான், இருபத்தெட்டு வருஷத்தில் பில் தவிர வேறெதுவும் எழுதாதவர், கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

தையல்காரர்கள் தெருவில் மெஷின் என்றால் ஒன்றே ஒன்றுதான். வேறு மெஷின் உலகத்தில் இருக்கிறதா என்பதே அங்கே யாருக்கும் யோசனை இல்லை. அந்தத் தெருவின் நேர்மையோடு காஜாக்காரர் மனம் திறந்து எழுதினார். மனைவி படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார்.

"ஐயா, நான் இருபத்தெட்டு வருஷமாக மெஷினில்தான் இருக்கிறேன். மெஷின் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது. எதிராளி காய் நகர்த்தியதும் மெஷினை மிதிப்பேன். மெஷின் முடித்துக் கொடுத்த பிறகுதான் நான் காயை நகர்த்துவேன். கரண்ட் இருக்கிற வரை ஒரு காய்கூட மெஷின் இல்லாமல் நகர்த்தியதில்லை. என் அப்பாவும் மெஷின்தான். என் மனைவியும் மெஷின்தான். எங்கள் தெருவில் எல்லோருமே மெஷின்தான். இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு நியாயம் வேண்டும்."

பதில் மறுநாளே வந்தது. "அன்புள்ள ஏழுபட்டன், உங்கள் வெளிப்படையான ஒப்புதலுக்கு நன்றி. இத்தனை நேர்மையான வாக்குமூலம் எங்களுக்கு அரிதாகவே வருகிறது. எல்லா நகர்வுக்கும் பதினொரு விநாடி ஏன் ஆனது என்பதும் இப்போது விளங்குகிறது. இனி மெஷினைத் தொடமாட்டேன் என்று உறுதியளித்தால் உங்களுக்குப் புதிய கணக்கு தருவோம். உங்கள் தெருவில் உள்ள மற்ற பயனர்களின் பெயர்களையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

காஜாக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெஷினைத் தொடாவிட்டால் பிழைப்புக்கு எங்கே போவது? செஸ் ஆடுகிறவன் சட்டைக்கு ஓட்டை போடக்கூடாது என்று எந்த ஊர் சட்டம்? மனைவிக்குத்தான் ஒரு மணி நேரம் கழித்து, பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போதே, பொறி தட்டியது. அவர்கள் சொல்கிற மெஷின் கம்ப்யூட்டர் என்றார். அதாவது போனைப் பார்த்து ஆடுகிறவர்கள் பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அது சொல்லிக்கொடுக்கிற காயை நகர்த்துவார்களாம். அப்படி ஒரு பிட் அடிக்கிற வழி உண்டு என்பதே காஜாக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடியும் எழுதினார். அது தையல் மெஷின் என்று விளக்கினார். ஒப்புதல் தந்த வழக்குகள் மீண்டும் திறக்கப்படமாட்டா என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலையை முடித்துக்கொண்டு, மகள் நேராகக் கடைக்கு வந்தாள். படியில் இடிக்காமல் குனிந்து வந்து, சட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அப்பாவின் கடிதத்தையும் கம்பெனியின் பதிலையும் போனில் படித்தாள். அவள் சிரிக்கவில்லை.

அவள் மெதுவாக, "அப்பா, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"எதைம்மா?"

"நடந்ததை. கம்ப்யூட்டர் வச்சு ஆடியிருந்தா ஆடியிருக்கீங்க, இப்ப என்ன. அவங்க கேக்கற உறுதிமொழியைக் குடுத்துடுங்க. இதோட முடிஞ்சிரும்."

காஜாக்காரர் மெஷின் பக்கம் திரும்பினார். கையிலிருந்த சட்டையை வைத்தார், மிதித்தார். கத்தி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் காஜா பாக்கெட்டின் நடுவில் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கெடுத்த முதல் சட்டை அதுதான். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக்கொடுக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். மகள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் தலையாட்டியது நம்பிக்கைக்கா, பேச்சை முடிக்கவா என்பதை அவர் இரண்டு நாள் யோசித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவரே சம்பந்திக்குப் போன் போட்டார். நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவோம், போனும் வேண்டாம், மெஷினும் வேண்டாம், நிஜப் பலகையில் ஆடுவோம் என்றார். சம்பந்தி இதற்காகவே காத்திருந்தவர் போல, ஞாயிறு காலை பத்து மணி, பத்து நிமிஷம் முன்னதாக வந்துவிடுங்கள், எழுதுபொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கூடத்தில் மேஜையைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். சம்பந்தி காஜாக்காரரின் சட்டைப் பையைப் பார்த்தார், கைமடிப்பைப் பிரித்துப் பார்த்தார், காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். மகள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. அப்போதுதான் காஜாக்காரருக்கே ஒரு விஷயம் தெரிந்தது. கை சும்மா இருந்தால் அவருக்கு யோசனை ஓடாது. சம்பந்தி காய் நகர்த்துவார். இவர் பலகையைப் பார்ப்பார். எப்போது யோசிக்க ஆரம்பிப்பது, எப்போது முடிப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஊசி போகவில்லை, கத்தி விழவில்லை. தன்னையறியாமல் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. சம்பந்தியின் கழுகுக்கண் அதைப் பார்த்துவிட்டது.

"சம்பந்தி, கால்ல என்ன?"

ஆட்டத்தை நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, அடித்தோலைத் தட்டிப் பார்த்து, பெருவிரலையும் அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. காலை நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டு ஆடும்படி உத்தரவிட்டார். காஜாக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் இருந்த கொஞ்ச நஞ்ச புத்தியும் போய்விட்டது. ராணியைக் கொண்டுபோய் யானையின் வாயில் வைத்தார். பத்தொன்பதாவது நகர்வில் செக்மேட்.

சம்பந்தி உடனே எழுந்துபோய்த் தன் டைரியைக் கொண்டுவந்தார். முன்பு தான் ஜெயித்த மூன்று ஆட்டங்களின் தேதியையும் அதில் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். மூன்று தேதியிலும் பக்கத்தில் "மின்தடை" என்று எழுதியிருந்தது. கரண்ட் இருந்தால் ஜெயிக்கிறார், கரண்ட் போனால் தோற்கிறார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்கிறவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. காஜாக்காரர் மகளைப் பார்த்தார். அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒருநாள் முழுக்கப் படுத்தே கிடந்தார். பிறகு எழுந்து, கரண்ட்தானே சாட்சி, அந்தக் கரண்டில் ஓடுகிற மெஷினையே கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு லோடு வண்டியைப் பிடித்து, மெஷினின் தலையைத் தனியாகவும் மேஜையைத் தனியாகவும் ஏற்றி, சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கினார். அந்த வீதியில் இருந்தவர்கள் பெண்ணுக்கு ஏதோ மெஷின் வாங்கிக்கொடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சம்பந்தி விடவில்லை. மெஷினின் மூடியைக் கழற்றச் சொன்னார். தன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். மூக்கில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், பெல்ட்டை மோந்து பார்த்தார், நூல்கண்டைக் கடைசிவரை பிரித்து நூலில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, இது வெறும் இரும்பு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அடுத்த சிக்கல் வந்தது. காஜா போடத் துணி வேண்டும். அந்த வீட்டுச் சட்டைகளில் எல்லாம் ஏற்கெனவே காஜா இருந்தது. சம்பந்தி யோசித்து, அலமாரியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சம்பந்தி சிப்பாயை நகர்த்தினார். காஜாக்காரர் விரிப்பின் ஓரத்தை ஊசிக்குக் கீழே வைத்து மிதித்தார். டக். குதிரையை நகர்த்தினார். இப்போது அவர் முகமே வேறாக இருந்தது. சம்பந்தி யோசித்தார், வியர்த்தார், நகர்த்தினார். டக். நகர்த்தினார். டக். முப்பத்து மூன்றாவது காஜாவில் ஆட்டம் முடிந்தது. விரிப்பின் ஒரு பக்கம் முழுக்க ஒரே அளவில், ஒரே இடைவெளியில், முப்பத்து மூன்று காஜா வரிசையாக நின்றது.

சம்பந்தி, மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்கிறவர்தான் ஜெயித்தவர் என்றார். அதற்கு மேஜை விரிப்பு போனது. அப்புறம் ஐந்தில் மூன்று என்றார். அதற்கு ஜன்னல் திரையைக் கழற்றினார்கள். சம்பந்தியின் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது, திரையில் இருபத்தேழு ஓட்டை இருந்தது. இதற்கு இனிமேல் பட்டன் வாங்கித் தைக்கிறதா, இல்லை இப்படியே மாட்டி வெளியே வேடிக்கை பார்க்கிறதா என்று கேட்டார். மூன்று ஆட்டத்திலும் காஜாக்காரர்தான் ஜெயித்திருந்தார்.

சம்பந்தி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் எண்ணெய் அப்படியே இருந்தது. யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அப்போ நான் நெஜமாவே தோத்திருக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டபோது காஜாக்காரருக்கே பாவமாகப் போய்விட்டது. இருநூற்றுப் பதினோரு தோல்வியை மூன்று வாரத்துக்கு மேல் இறக்கி வைத்திருந்த மனிதர், இப்போது மொத்தத்தையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக்கொண்டார். ஆனால் எவ்வளவு குறை சொன்னாலும் சம்பந்தி நேர்மையான ஆள். அன்றைக்கு அந்தப் பையனின் கட்டைப் பிரித்துப் பார்த்தவர், மன்னிப்பும் அங்கேயே கேட்டவர்தானே. எழுந்து மூக்கைத் துடைத்தார். எல்லோர் முன்னாலும், தப்பு என்மேல்தான் சம்பந்தி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். திருப்பிக் கொடுத்த புள்ளிகளை ஒரு புள்ளிகூட வைத்துக்கொள்ளமாட்டேன், இப்போதே எழுதுகிறேன் என்று போனை எடுத்தார்.

அலுவலகத்தில் முப்பது வருஷம் அறிக்கை எழுதிய கை. சட்டென்று எழுதியது. "ஐயா, ஏழுபட்டன் அவர்களின் மெஷினை நான் என் சொந்த வீட்டில், என் மேற்பார்வையில், முழுமையாகப் பரிசோதித்தேன். ஒவ்வொரு நகர்வுக்கும் அவர் மெஷினைப் பயன்படுத்துவதை என் கண்ணால் பார்த்தேன். அதில் எந்தத் தவறும் இல்லை என்று சான்றளிக்கிறேன். மெஷினுக்கு வேண்டிய பொருள்களையும் நானே கொடுத்து உதவினேன். அவருக்கு உடனடியாகக் கணக்கை வழங்கவும்." கீழே தன் முன்னாள் பதவியையும் போட்டார். காஜாக்காரருக்கு அந்த "மெஷின்" என்ற சொல் உறுத்தியது, சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சம்பந்தி அனுப்பிவிட்டார்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. "அன்புள்ள ராஜதந்திரி, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. மெஷினுக்கு உதவியதாக நீங்களே தெரிவித்துள்ளதால் உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. உங்களிடம் தோற்றவர்களுக்குப் புள்ளிகள் திருப்பித் தரப்படும்."

சம்பந்திக்குப் பேய் அறைந்தது போல ஆகிவிட்டது. உலகம் முழுக்க அவரிடம் தோற்றவர்கள் மொத்தம் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் இன்றைக்கு ஆறுதல் கடிதம் போகும். அதில் ஒருவர் பூங்காவில் தினமும் எதிரே வருகிறவர். நாளையிலிருந்து நடைக்கு வேறு வழியாகப் போக வேண்டும் என்றார். அவர் மனைவி திரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். யாராலும் விளக்க முடியவில்லை.

சாயங்காலம் மெஷினை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. மேஜையை வண்டிக்காரர் ஏற்றிவிட்டார். மெஷினின் தலை மட்டும் வாசலில் இருந்தது. அதன் பக்கத்தில் காஜாக்காரரும் மகளும் நின்றார்கள். அவருக்கு மனதெல்லாம் லேசாகியிருந்தது. அந்த வீட்டில் மகள் இனித் தலை நிமிர்ந்து நடக்கலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. கேட்டார்.

"இப்போ நம்பறியாம்மா?"

"அதான் பாத்தேனேப்பா."

"பாக்கறதுக்கு முன்னாடி?"

பொய் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்த முகம் அவருக்குத் தெரியும்.

"நம்பலப்பா" என்றாள். "நீங்க ஏமாத்தியிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். ஆனா மாமா உங்களப் பேசினப்ப ஒரு நாளும் விட்டதில்ல. தெனமும் சண்டை போட்டேன். ஏமாத்தியிருந்தாலும் எங்கப்பாதான்னு போட்டேன்."

காஜாக்காரருக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எதை வெளியே விடுவது என்று தெரியவில்லை. தன்னை நம்பாமலேயே தனக்காக மூன்று வாரத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறாள். அவர் ஆசைப்பட்டது அதுவல்ல. ஆனால் அது சின்ன விஷயமுமல்ல. மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"நீயா இருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன். ஆனா நான் நம்பியிருப்பேன்மா."

"தெரியும்ப்பா" என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினின் மறுபக்கத்துக்குப் போய்க் குனிந்தாள். அது ஒருவர் தூக்குகிற கனமில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.